எளிமையாக வாழ மாதம் 8,500 ரூபாய் கூடுதல் செலவா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் துறைமுகத்தை ஒட்டிய கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர், சம்பளம் 46,000 ரூபாய். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்து மாதம் 9,000 வரை சம்பாதிக்கிறேன். மகளுக்கு ஒன்பதரை வயது, மகனுக்கு ஐந்து. மகளுக்கு அடிக்கடி வீசிங் வருவதால் ஒரு வருடமாக இயற்கை வாழ்க்கைக்கு மாறிவிட்டோம். ஏ2 பால், மரபு அரிசி, செக்கு எண்ணெய், மூலிகைச் சோப்பு, சத்து மாவு, மாலையில் மூலிகைச் சாம்பிராணி. ரேஷன் அரிசியை வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம். மளிகையும் பாலும் சேர்ந்து 11,000-ல் இருந்த செலவு 19,500 ஆகிவிட்டது. மாதம் 6,000 கட்டிவந்த ஆர்.டி. நின்றுபோனது. இப்போது ஊத்துக்கோட்டை பக்கம் 5 சென்ட் பண்ணை மனை ஆறரை லட்சத்துக்கு வருகிறது. மாமரமும் சந்தன மரமும் வைத்து அவர்களே பராமரித்து, 15 வருடத்தில் பெரிய தொகை தருவார்களாம். நகையை அடகு வைத்து 5 லட்சம், சீட்டு எடுத்து ஒன்றரை லட்சம் என்று கணவர் திட்டம் போடுகிறார். 25,000 முன்பணமும் கொடுத்தாயிற்று. எளிமையாக வாழ ஆசைப்பட்ட எங்கள் கையில் ஏன் காசு நிற்கவில்லை? மனையை வாங்கலாமா? பில்களை இணைத்திருக்கிறேன்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மனை வேண்டாம் சகோதரி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உங்கள் மளிகை பில்லில்தான் முதல் கேள்விக்கான பதில் இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிடலாம்.

பில்களைப் பிரித்துப் போட்டுப் பார்த்ததில், கூடிய 8,500 ரூபாயில் பாலுக்கு மட்டும் 3,150 போகிறது. தினம் ஒன்றரை லிட்டர், லிட்டர் 110 ரூபாய் என்றால் மாதம் 4,950. அதே அளவு ஆவின் நீல நிறப் பாக்கெட்டுக்கு, லிட்டர் 40 ரூபாய் கணக்கில், 1,800. ஏ2 என்பது பாலில் உள்ள ஒரு புரதத்தின் வகை. நாட்டு மாட்டுப் பாலில் அது அதிகம் என்பது சரிதான். அதைக் குடித்தால் பிள்ளைக்கு இரைப்பு நிற்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஏ1, ஏ2 என்று பாக்கெட்டில் போடுவதை நீக்கச் சொல்லி உத்தரவிட்டது; சில நாளிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. லேபிள் தப்பித்தது, நீங்கள் மாதம் 3,150 கட்டுகிறீர்கள். என்னைக் கேட்டால் முதலில் கை வைக்க வேண்டியது இதில்தான்.

அரிசிக்கு வருவோம். முன்பு ரேஷன் அரிசி போக 600 ரூபாய்க்கு வாங்கினீர்கள். இப்போது மரபு அரிசி 20 கிலோ, 2,400 ரூபாய். கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் நல்ல அரிசிதான், மறுக்கவில்லை. வாரம் இரண்டு நாள் கஞ்சி வைக்க மாதம் இரண்டரை கிலோ போதும். ரேஷன் புழுங்கலரிசி இட்லி மாவுக்கு எவ்வளவு நன்றாக வரும் என்று தண்டையார்பேட்டையில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒருவேளை, கழுவும்போது சில அரிசி மிதப்பதைப் பார்த்துப் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து ஒதுக்கினீர்களா? அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி. நூறு பங்குக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் கலந்தார்கள். தாராளமாக வடிக்கலாம்.

எண்ணெய் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். செக்கு எண்ணெயை விடவேண்டாம், அளவை மட்டும் குறையுங்கள். ரீஃபைண்டு வாங்கிய காலத்தில் மாதம் 5 லிட்டர், 750 ரூபாய். இப்போதும் அதே 5 லிட்டர், லிட்டர் 380 என்று 1,900 ரூபாய். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. நான்கு பேருக்கு 2 லிட்டர் வாங்கினால் 760 ரூபாயில் முடிந்தது, பழைய பில்லுக்கும் இதற்கும் பத்து ரூபாய்தான் வித்தியாசம். வடையும் அப்பளமும் குறையும், பிள்ளைகள் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், பிறகு சரியாகிவிடும்.

உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். ஒரு கடையை விட்டு இன்னொரு கடைக்குப் போயிருக்கிறீர்கள். வாங்குகிற பொருளின் எண்ணிக்கையும் அளவும் கொஞ்சமும் குறையவில்லை, விலைதான் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. குளியல் பொடி, தலைக்குத் தேய்க்கும் பொடி, பல்பொடி, தரை துடைக்கிற மூலிகைத் திரவம் என்று மட்டும் 1,700 ரூபாய் பில். இதே ஊரில், தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கினால், பூங்கா நகர் ராசப்ப செட்டித் தெரு முழுக்க நாட்டு மருந்துக் கடைகள். சீயக்காய், பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர் எல்லாம் எடைக்கு எடை கிடைக்கும். பாசிப்பயறு வீட்டில் இருக்கும். வெயிலில் காயவைத்துத் தெருமுனை மாவு மில்லில் அரைத்தால் பல மாதம் வரும். டப்பாவில் வருகிற சத்து மாவும் அப்படித்தான். ஆடி மாதம் அம்மன் கோவில்தோறும் கூழ் ஊற்றுகிற பகுதியில் இருந்துகொண்டு, கேழ்வரகை அழகான டப்பாவில் போட்டு யாரோ விற்க, அதை நாம் வாங்கவேண்டுமா?

மீன் சாப்பிடுவீர்களா என்று எழுதவில்லை. சாப்பிடுவீர்கள் என்றால் காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது. வஞ்சிரத்துக்குக் கூட்டம் அடிதடி போடட்டும், நீங்கள் மத்தியும் நெத்திலியும் வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விலை ஏறும். அந்த இரண்டு மாதம் முட்டை, பருப்பு என்று ஓட்டிக்கொள்ளலாம்.

இப்போது மகளின் வீசிங். எல்லாச் செலவும் அந்தப் பிள்ளைக்காகத் தொடங்கியது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் புகை எதிலிருந்து வந்தாலும் இரைப்பு உள்ள குழந்தைக்குப் புகைதான், மூலிகைச் சாம்பிராணி ஆனாலும் கொசுவர்த்தி ஆனாலும். அதை இன்றே நிறுத்துங்கள், ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். நாம் இருக்கிற பக்கத்துக் காற்றும் நல்ல காற்று இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் எடுத்த கணக்கிலேயே மணலி, மாசு மிக மோசமான தொழில் பகுதிகளின் பட்டியலில் இருந்தது. அந்தக் காற்றுக்கு அரிசியிலும் பாலிலும் மாற்று கிடையாது. ஸ்டான்லியிலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ ஒரு மருத்துவரிடம் தொடர்ந்து காட்டி, அவர் இன்ஹேலர் சொன்னால் பயப்படாமல் கொடுங்கள். மாதம் 8,500 கூடுதலாகச் செலவழிக்கிற வீட்டில் அதற்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கியிருப்பதாக உங்கள் பில்களில் தெரியவில்லை.

அதைவிட எனக்குக் கவலை, உங்களிடம் மருத்துவக் காப்பீடு இல்லாதது. இருந்தால் பில்களோடு அதன் பிரீமியமும் வந்திருக்கும். கணவரின் சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கவேண்டும், அதுவும் உங்களுக்குப் பொருந்தாது. நான்கு பேருக்கும் சேர்த்து 5 லட்சத்துக்கு ஒரு குடும்பப் பாலிசி எடுங்கள். வயதையும் நிறுவனத்தையும் பொறுத்து ஆண்டுக்கு 15,000 முதல் 20,000 வரை ஆகலாம். 2025 செப்டம்பர் 22 முதல் இதற்கு ஜிஎஸ்டி கிடையாது, முன்பு 18% கட்டினோம். விண்ணப்பத்தில் மகளின் வீசிங்கை மறைக்காமல் எழுதுங்கள். ஏஜென்ட் "போடவேண்டாம்" என்று சொன்னால் ஏஜென்டை மாற்றுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம்தான். மறைத்தால் பிறகு க்ளெய்மே போய்விடும்.

இனி அந்த மனை. ஆறரை லட்சம் என்பது விலை மட்டும். முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் 9%, அதாவது இன்னும் 58,500. பத்து லட்சத்துக்குள் இருக்கும் சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1% சலுகை உண்டு. அப்படியும் 52,000 வேண்டும். இந்தப் பணம் கணவர் போட்ட கணக்கில் இல்லை.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016-ல் தடை போட்டது. அதற்குப் பிறகு 'பண்ணை மனை' என்ற பெயர் பெருகியிருப்பதைக் கவனியுங்கள். விவசாய நிலமாகவே பத்திரம் போட்டுத் தருவார்கள், வீடு கட்டலாம் என்பதை வாய்வார்த்தையாகச் சொல்வார்கள். கட்ட அனுமதி கேட்கும்போதோ, கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போதோ, விற்கப் போகும்போதோதான் வலி தெரியும். பட்டா இன்று யார் பெயரில் இருக்கிறது, உங்கள் 5 சென்டுக்குத் தனி உட்பிரிவு ஆகுமா, பாதை யாருடையது, 30 வருட வில்லங்கச் சான்றில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பட்டாவையும் வில்லங்கத்தையும் அரசு இணையதளங்களில் நீங்களே பார்க்கலாம்.

மரம் வளர்த்துப் பணம் தருகிறேன் என்பது இன்னும் பழைய கதை. தொண்ணூறுகளில் சென்னையிலிருந்தே தேக்கு மரத் திட்டம் விற்றவர்களை நம்பி ஏமாந்த குடும்பங்கள் ஏராளம். அதன் பிறகுதான் 1999-ல், பலரிடம் பணம் திரட்டி ஒன்றாக நிர்வகித்து லாபம் தருகிற இப்படிப்பட்ட திட்டங்கள், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் பதிவு பெறவேண்டும் என்று விதி வந்தது. உங்கள் ஆட்களிடம் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், முகம் மாறுகிறதா பாருங்கள். சந்தன மரம் உங்கள் பட்டா நிலத்தில் வளர்ந்தாலும் வனத்துறை வழியாகத்தான் வெட்டி விற்கமுடியும். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மரத்தை இரவில் யார் காவல் காப்பது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பாலை மாற்றி, அரிசியைக் குறைத்து, எண்ணெயை அளந்து, பொடிகளை அரைத்துக்கொண்டால் மாதம் 7,500-க்கு மேல் கையில் நிற்கும். அதில் 1,500-ஐக் காப்பீட்டுக்கு எடுத்து வையுங்கள். 4,000-க்குத் தபால் நிலையத்தில் ஐந்தாண்டு ஆர்.டி. போடுங்கள். 6.7% வட்டியில் முடிவில் சுமார் 2,85,000 வரும். மகளுக்குப் பத்து வயது முடிவதற்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கிவிடுங்கள், அந்த நாள் தாண்டினால் தொடங்கவே முடியாது. 2024 ஜனவரியிலிருந்து வட்டி 8.2%. ஆனால் கணக்கு முதிர 21 வருடம், அதாவது அவளுக்கு முப்பது வயதாகிவிடும். 18 வயதில் மேற்படிப்புக்குப் பாதிவரைதான் எடுக்கலாம் என்பதால் மாதம் 2,000 போதும், எல்லாவற்றையும் அதில் போட்டு முடக்கவேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும். திடீரென ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வந்தால் உங்களிடம் உள்ள ஒரே அவசர நிதி அதுதான். சீட்டு, பதிவு பெற்ற நிறுவனத்தில் என்றால் தொடரட்டும்.

கணவருக்கு மண்ணைத் தொட ஆசை, அது எனக்குப் புரிகிறது. வீட்டுக்காரரிடம் கேட்டு மொட்டை மாடியில் ஆறு பைகளில் கீரையும் தக்காளியும் போடச் சொல்லுங்கள். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித் தோட்டத் தொகுப்புகள் தருகிறது. ஒன்றே ஒன்று, இந்தப் பக்கத்தில் எங்கிருந்தோ அள்ளி வந்த மண் வேண்டாம், தென்னை நார்க்கழிவும் வீட்டுக் கழிவு உரமும் போதும்.

முன்பணத்தை எழுத்தில் கடிதம் கொடுத்துத் திருப்பிக் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். தரமாட்டேன் என்றால் 25,000 போகுமே என்று கணவர் தயங்குவார். 5 லட்சம் நகைக்கடனுக்கு 10.5% வட்டி என்று வைத்தால் மாதம் 4,375, ஆறு மாதத்தில் 26,250. அந்த ஒரு கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதி, அவர் யார்டிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்த பிறகு காட்டுங்கள்.