முதலில் அந்த பஸ் கதையைக் கேளுங்கள்

"என் மகளுக்கு 13 வயது. கராத்தே வகுப்பில் சேர்த்துவிடு என்று இரண்டு மாதமாக ஒற்றைக் காலில் நிற்கிறாள். முதலில் என்ன பழக்குவார்கள், அடிபடுமா, உடுப்பு இப்போதே வாங்க வேண்டுமா, கறுப்புப் பட்டிக்கு எவ்வளவு காலம் பிடிக்கும்? ஏற்கெனவே ஓட்டோச் செலவு வேறு. இந்தத் தவணை தொடங்கியதிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று ஒரே அடம். அவளுடைய அப்பா தினமும் அதே பஸ்ஸில்தான் கோட்டைக்கு வேலைக்குப் போகிறார்."
- ஒரு தாய், வெள்ளவத்தை

தங்கச்சி, நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், நாலுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேட்காத ஐந்தாவது கேள்வி உங்கள் காசுக் கணக்குக்குள் கிடக்கிறது. நேற்றுவரை பஸ்ஸில் போன பிள்ளை திடீரென்று ஏற மாட்டேன் என்கிறது, அதோடு சேர்த்து எனக்கு அடிக்கப் பழக்கிவிடு என்றும் கேட்கிறது, நீங்கள் அதற்கு அடம் என்று பெயர் வைத்துவிட்டு ஓட்டோவுக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏன் ஏற மாட்டாய் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். இதே "அடம்" என்ற சொல்லோடு எனக்கு எத்தனையோ கடிதம் வந்துவிட்டது.

வகுப்பில் சேருங்கள், அதில் இரண்டாம் பேச்சில்லை. உடுப்பு இப்போது வேண்டாம், ஒரு மாதத்துக்கு டீ-சேர்ட்டும் நீளக் காற்சட்டையும் போதும். நகம் வெட்டி, தோடு சங்கிலி கழற்றி அனுப்புங்கள். வெறுங்காலில்தான் பழக வேண்டும், உள்ளங்காலில் கொப்புளம் வரும், தொடை இரண்டு நாளைக்கு நோகும், கை கன்றும். கறுப்புப் பட்டிக்கு ஒழுங்காகப் போனாலும் மூன்று முதல் ஐந்து வருடம். அதன் பெயரான ஷோடான் என்பதற்கே முதல் படி என்றுதான் அர்த்தம், ஆகவே சீக்கிரம் தருகிறேன் என்கிற மாஸ்டரிடம் போகாதீர்கள். பெற்றோர் உள்ளே இருந்து பார்க்கக் கூடாது என்கிற இடத்துக்கும் போகாதீர்கள்.

சரி, என்ன பழக்குவார்கள்? குனிந்து வணங்க, நிற்க, காற்றில் குத்த, தடுக்க. இச்சி, நி, சான் என்று எண்ணி எண்ணி அதையே நூறு தடவை. 1922இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குப் போய் இந்தக் கலையைப் பரப்பிய ஃபுனகோஷி, கராத்தேயில் முந்திக்கொண்டு அடிப்பது கிடையாது என்று சொன்னவர். அவருடைய ஷோட்டோகான் முறையில் பிள்ளைகள் முதலில் படிக்கும் ஹெய்யான் ஷோடான் என்ற கட்டாவில், அதாவது தனியாக வரிசையாய்ச் செய்யும் அசைவுத் தொகுப்பில், 21 அசைவு, அதுவும் தடுப்பில்தான் தொடங்கும். ஜோடியாக நின்று பழகும்போது எதிரே நிற்பவர் முகத்துக்கா வயிற்றுக்கா என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவார். பஸ் நெரிசலில் பின்னால் வந்து ஒட்டுகிறவன் சொல்லிவிட்டா ஒட்டுவான்? இந்த வகுப்பு அவளுக்கு எப்போது கைகொடுக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள், கணக்கில்தான் கெட்டிக்காரி ஆயிற்றே.

ஒன்று மட்டும் முதல் மாதமே உதவும். கியாய் என்று அடிவயிற்றிலிருந்து கத்தப் பழக்குவார்கள். பொம்பிளைப் பிள்ளை சத்தம் போடாதே என்று வளர்த்த வீட்டுப் பிள்ளைகள்தான் அதற்குப் படாத பாடு படும். உங்கள் வீடு எப்படி?

இன்றைக்கு இரவு மற்றவர்கள் படுத்த பிறகு அவளுக்குப் பக்கத்தில் போய் இருங்கள். பஸ்ஸில் யார் என்ன செய்தது என்று நேராகக் கேளுங்கள். நீ ஏன் அங்கே நின்றாய், ஏன் முதலே சொல்லவில்லை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதற்குப் பிறகு அந்த வாய் திறக்காது. அவள் சொல்வது பாரதூரமாக இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929 இருக்கிறது, எந்த நேரமும் எடுக்கலாம். குடும்ப மானம், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கதையை என்னிடம் கொண்டுவராதீர்கள், பிள்ளையைக் காக்காத மானம் எனக்கு விளங்குவதில்லை.

அப்புறம் அந்த அப்பா. அதே பஸ்ஸில் போகிற மனுஷன் ஒரு கிழமைக்கு அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிட்டு, மகளோடு ஏறி, அவளுக்குப் பின்னால் நின்று போனால் குறைந்தா போய்விடுவார்? அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

உடுப்பு வாங்குகிற கதையை அதற்குப் பிறகு எழுதுங்கள், அளவு சொல்கிறேன்.