லண்டன் சமூக மையத்தில் உதவிச் சமையல் வேலை: கேள்வி பதில்

லண்டனில் ஒரு சமூக மையத்தில் முதியோருக்கு மதிய உணவு சமைக்கிறோம். அங்கே நான் உதவிச் சமையற்காரி. இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அக்கா, சான்றிதழ் இல்லாமல் சேர முடியுமா?

சட்டப்படி முடியும். உணவைக் கையாள்பவருக்குத் தக்க பயிற்சி வேண்டும் என்பதுதான் விதி; சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால் 'லெவல் 2 உணவுச் சுகாதாரம்' என்ற பயிற்சியை முடித்தீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். இணையத்திலேயே சில மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

ஊரில் கல்யாணத்துக்கே சமைத்தவன் நான், தங்கச்சி. இங்கே காய் நறுக்கத்தான் விடுவார்களா?

ஆரம்பத்தில் அப்படித்தான், அண்ணா. பலகை நிறங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: சமைக்காத இறைச்சிக்குச் சிவப்பு, சமைக்காத மீனுக்கு நீலம், சமைத்த இறைச்சிக்கு மஞ்சள், மண்ணில் விளையும் காய்க்குப் பழுப்பு, சாலட்டுக்கும் பழத்துக்கும் பச்சை. சிவப்புப் பலகையில் வெங்காயம் நறுக்கினால் தலைமைச் சமையற்காரர் பார்க்கும் பார்வைக்கு மாமியார் தோற்றுவிடுவார்.

மிஞ்சிய சோற்றை மறுநாள் சூடாக்கிப் போடலாமா? பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்?

இதில்தான் நம்மவர்கள் அசட்டையாக இருக்கிறார்கள். அரிசியில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். சோறு வெந்தாலும் அவை சாவதில்லை. சோறு வெளியிலேயே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே அகலத் தட்டில் பரப்பி, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 24 மணி நேரத்துக்குள், ஒரே ஒரு முறைதான் சூடாக்கலாம். பரிமாறும்வரை சூடாக வைப்பதென்றால் 63 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. தொட்டுப் பார்த்தேன், சூடாகத்தான் இருந்தது என்பதெல்லாம் எடுபடாது. வெப்பமானியைக் குத்திப் பார்த்து ஏட்டில் எழுத வேண்டும். வீட்டில் பழைய சோறு உங்கள் பாடு. எண்பது வயதுக்காரரின் தட்டில் வேண்டாம்.

சாம்பாரில் ஒவ்வாமைக்கு என்ன இருக்கிறது? சைவம்தானே?

தாளிப்பிலேயே கடுகு இருக்கிறதே! பிரிட்டனில் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் ஒன்று. எள்ளும் உண்டு, அதனால் நல்லெண்ணெயும் கணக்கில் வரும். பலரும் கோட்டைவிடுவது பெருங்காயத்தில். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிக்கு ஒரு சிட்டிகையே தொல்லை. டப்பாவின் பின்பக்கத்தை ஒவ்வொரு முறையும் படியுங்கள், கலவை மாறியிருக்கலாம். தேங்காய் அந்த 14-இல் இல்லை. ஆனாலும் ஒருவர் தமக்கு ஒவ்வாது என்றால் அவருக்குத் தனியாகச் சமைப்பதுதான் முறை.

விழுங்கச் சிரமப்படுபவருக்குக் குழைத்துக் கொடுத்தால் போதாதா?

நீங்களாக முடிவெடுக்காதீர்கள். பானங்கள், உணவுகளின் பதத்துக்கு 0 முதல் 7 வரை நிலைகள் உண்டு. 4 என்றால் கட்டியில்லாத விழுது. 6 என்றால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மிகாத மென்மையான துண்டுகள். யாருக்கு எது என்பதைச் சிகிச்சையாளர் எழுதிக் கொடுத்திருப்பார்.

மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?

மையத்துக்கு மையம் வேறுபடும். கேட்டுவிட்டு எடுங்கள்.