600005 பகா எண்ணா?

திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பக்கத்துப் பின்கோடு 600005 பகா எண்ணா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கடைசி இலக்கம் 5, அதனால் 5-ஆல் வகுபடும், ஈவு 120001.

இலக்கக் கூட்டல் 4, எனவே 3 ஆகாது. 7-ஆல் வகுத்தால் 17143. நிறுத்திவிடாதீர்கள், இன்னொரு முறை 7-ஆல் வகுங்கள்: 2449.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். பகா எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டாம். 2449-ஐத் தாண்டும் முதல் வர்க்கம் 50-உடையது; அங்கே தொடங்கி ஒவ்வொரு எண்ணின் வர்க்கத்திலிருந்தும் 2449-ஐக் கழியுங்கள்: 51, 152, 255, 360, 467... எதுவும் முழு வர்க்கம் இல்லை. 55-க்கு வந்தால் 3025 − 2449 = 576, அதாவது 24-இன் வர்க்கம்! அப்படியென்றால் 2449 = (55 − 24) × (55 + 24) = 31 × 79. இது பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் முறை.

சரி, 600005 = 5 × 7² × 31 × 79. அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 2 × 3 × 2 × 2 = 24 வகுஎண்கள்.

அதே திருவல்லிக்கேணியில் குடியிருந்த ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட கட்டுரை, தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும் விட அதிக வகுஎண்கள் கொண்ட எண்களைப் பற்றியது. நம் 600005-க்குச் சற்றுக் கீழே அப்படி ஒன்று இருக்கிறது: 554400. அதற்கு 216 வகுஎண்கள்!