குறைந்த வெளிச்சத்தில் படம் எடுக்க, விலை குறைவான லென்ஸ் எது?

உங்களிடம் இருப்பது கேனான் 1500டி கேமரா, கூட வந்த 18-55 லென்ஸ். இரவு நேர வீட்டு விசேஷங்களில் படம் கலங்குகிறது என்கிறீர்கள். கேமராவை மாற்ற வேண்டாம். கேனான் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் வாங்குங்கள். இந்தக் காசுக்கு இதைவிட நல்ல முதல் லென்ஸை நான் யாருக்கும் சொன்னதில்லை.

லென்ஸ் எவ்வளவு திறக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உங்கள் லென்ஸ் 55இல், அதாவது முழுக்க ஜூம் செய்தால், எஃப் 5.6 வரைதான் திறக்கும். எண் குறையக் குறையத் துவாரம் பெரிது, 1.8இல் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதே ஐஎஸ்ஓவில் (சென்சார் வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற அளவு) 1/10 நொடி ஷட்டர் கேட்ட இடத்தில் 1/100 போதும். குத்துவிளக்கு ஏற்றும் கை 1/10இல் இழுபட்டுப் பதியும், 1/100இல் விரல்கள் தெளிவாக இருக்கும். லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்துக்கு மட்டும்தான், எதிரில் இருப்பவர் அசைந்தால் உதவாது.

1.8இல் அருகிலிருந்து முகம் எடுத்தால் கண் துல்லியமாகவும் காது மங்கலாகவும் வரும். நாலைந்து பேர் நின்றால், எல்லா முகமும் தெளிவாக வர, எஃப் 4க்குப் போய் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள்.

இன்னொன்று, 1500டியின் சிறிய சென்சாரில் 50 என்பது 80 போல நெருக்கிக் காட்டும். சின்ன ஹாலில் பின்னால் நகர இடமிருக்காது. அங்கே 24 எம்எம் எஃப் 2.8 வசதி, வெளிச்சம் மட்டும் கொஞ்சம் குறையும்.

பழைய லென்ஸ் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்; உள்ளே சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம்.