கராபாவ் பாட்டை மேடையில் பாடலாமா?

கேள்வி: நான் தாய்லாந்தில், ரயோங் பக்கம் ஒரு ஜப்பானியக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பொறியாளர். எங்கள் லைன் சூப்பர்வைசருக்கு 55 வயது, நாட்டின் வடகிழக்கில் இருக்கும் இசான் பகுதிக்காரர். தினமும் அவர் வண்டியில்தான் வேலைக்குப் போகிறேன். வண்டியில் எப்போதும் கராபாவ் இசைக்குழுவின் பாட்டுதான். அந்த ஊர் மொழியையே நான் அதில்தான் கற்றுக்கொண்டேன். போன மாதம் சாப்பாட்டு நேரத்தில், தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கும் 27 வயதுப் பெண், "இதெல்லாம் மாமாக்களின் பாட்டு. ஏழைகளுக்காகப் பாடியவர் இப்போது ஏழைகளுக்கே எனர்ஜி டிரிங்க் விற்கிறார். நாங்கள் தெருவில் நின்றபோது இவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?" என்று கேட்டுவிட்டார். சூப்பர்வைசர் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. டிசம்பரில் நடக்கும் புத்தாண்டு விருந்தில் என்னோடு சேர்ந்து 'மேட் இன் தாய்லாந்து' பாட வேண்டும் என்று அவருக்கு ஆசை. பாடினால் அந்தப் பெண்ணுக்கு எதிராக நிற்பதாக ஆகிவிடுமா? அவர் சொல்வதுதான் சரியா? இத்தனை நாள் தப்பான ஆட்களையா ரசித்திருக்கிறேன்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ரயோங்

பதில்: பாடுங்கள். ஆனால் பாடுவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஏன் இந்த இரண்டும் வேண்டும் என்று சொல்கிறேன்.

நீங்கள் கராபாவைப் போராட்டக் குழு என்றே நினைத்துக் கேட்டு வந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. அந்தப் பெண்ணும் அப்படித்தான் எதிர்பார்த்து ஏமாந்திருக்கிறார். என் பார்வையில், பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது. தாய்லாந்தில் 'வாழ்வுக்கான பாடல்' என்று ஒரு மரபு உண்டு. 1973 அக்டோபர் 14 அன்று மாணவர்கள் எழுந்து ராணுவ ஆட்சியை இறக்கினார்களே, அந்தக் காலத்தில் வேர்விட்டது அது. அதன் முன்னோடி 'கேரவன்' என்ற குழு. 1976 அக்டோபர் 6 அன்று போலீஸும் வலதுசாரிக் கும்பல்களும் பாங்காக்கின் தம்மசாத் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து மாணவர்களைக் கொன்றார்கள். அரசுக் கணக்கிலேயே 40 பேருக்கு மேல். அதன்பிறகு கேரவன் குழுவினர் காட்டுக்குப் போய்க் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சேர்ந்தார்கள். 1980இல் அரசு மன்னிப்பு அறிவித்த பிறகுதான் அவர்களைப் போன்றவர்கள் ஊர் திரும்பினார்கள். உயிரைப் பணயம் வைத்துப் பாடியவர்கள் என்றால் அவர்கள்தான்.

கராபாவின் கதை வேறு. சுபன்புரியில் பிறந்த யுன்யோங் ஓபாகுல், ஊரெல்லாம் 'ஏட் கராபாவ்' என்று அழைக்கும் மனிதர், 70களில் மணிலாவில் படிக்கப் போன இடத்தில் நண்பர்களோடு தொடங்கிய குழு அது. பெயரும் பிலிப்பைன்ஸ் எருமையின் பெயர்தான். முதல் ஆல்பம் வந்தது 1981இல். அதாவது காட்டுக்குப் போனவர்கள் திரும்பிவந்துகொண்டிருந்த நேரம். தோற்ற இயக்கத்தின் சோகத்தை அவர்கள் அப்படியே பாடவில்லை. பழைய பாட்டில் பொறுக்கி விற்கும் கிழவர், தெருவில் வாசித்துப் பிச்சை எடுக்கும் பாடகன், எல்லைப்புற ஊரிலிருந்து உடலை விற்க அனுப்பப்படும் பெண் என்று ஒவ்வொருவராக எடுத்துப் பாடினார்கள். அதையும் ஆடக்கூடிய தாளத்தில், மின்கிடாரோடு கொடுத்தார்கள். சில பாடல்களை வானொலியில் போடக் கூடாது என்று அரசு தடுத்ததும் உண்டு. ஆனாலும் அவர்களின் கோபம் முதன்மையாக ஆட்சியை நோக்கியது அல்ல. ஏழைமேல் பரிவு, நாட்டின்மேல் ரோஷம், இந்த இரண்டும்தான் அவர்களின் மூலதனம். இதை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் பாடப்போகும் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.

'மேட் இன் தாய்லாந்து' வெளியானது 1984 டிசம்பரில். அதற்கு முந்தைய மாதம்தான் அரசு நாட்டின் நாணயமான பாத்தின் மதிப்பைக் குறைத்திருந்தது. ஒரு டாலருக்கு 23 பாத் இருந்தது 27 ஆகிவிட்டது. வெளிநாட்டுச் சாமான்களின் விலை ஏறிய நேரம். உள்ளூர்ப் பொருளை வாங்குங்கள் என்று அரசே கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு மூங்கில் குழல் இசையோடு இந்தப் பாட்டு வருகிறது. சுகோதாய், அயுத்யா என்று பழைய தலைநகரங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, உள்ளூரில் தைத்த துணியைக் கடையில் தொங்கவிட்டு வெளிநாட்டு லேபிளை ஒட்டினால்தான் நம் ஆட்கள் வாங்குகிறார்கள் என்று குத்திக் காட்டுகிறது. இது குத்தல்தான், ஆனால் குத்துவது வாங்குபவனை. ஆட்சியில் இருப்பவர்களுக்கு அதில் வலிக்க ஒன்றும் இல்லை. ஆல்பம் 50 லட்சம் பிரதி விற்றதாகச் சொல்வார்கள்.

இன்னொரு பாட்டு இதைவிடத் தெளிவாகக் காட்டும். புரிராம் மாகாணத்தில், அணைந்த எரிமலை ஒன்றின் உச்சியில் பனோம் ருங் என்ற கெமர் காலத்துச் சிவன் கோயில் இருக்கிறது. அதன் வாசல் நிலைக்கு மேலிருந்த கல் உத்தரம் 1960களில் களவுபோய், கடைசியில் அமெரிக்காவில் சிகாகோ கலைக்கூடத்தில் காட்சிக்கு நின்றது. அதில் செதுக்கியிருப்பது நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த உருவம்: பாம்பணையில் சாய்ந்து படுத்த திருமால், நாபியிலிருந்து எழும் தாமரை, அதில் பிரம்மா. அதைத் திருப்பிக் கேட்டு நாடே குரல் கொடுத்தது. 1988இல் கராபாவும் ஒரு பாட்டுப் போட்டார்கள்: உங்கள் மைக்கேல் ஜாக்சனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் நாராயணனைக் கொடுத்துவிடுங்கள் என்ற கருத்தில். அந்த ஆண்டு நவம்பரில் கல் ஊர் வந்து சேர்ந்தது. இப்போது பழைய இடத்திலேயே, கிழக்கு வாசலுக்கு மேலே இருக்கிறது. பாங்காக்கிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர்தான், ஒரு நீண்ட விடுமுறையில் அவசியம் போய்ப் பாருங்கள். அந்தப் பாட்டை நான் மனதார நேசிக்கிறேன். கோயில் சிலைகள் கடல் தாண்டிப் போன வலி தெரிந்த எந்தத் தமிழனுக்கும் அது சுருக்கென்று தைக்கும்.

ஆனால் கவனியுங்கள், அங்கேயும் எதிராளி வெளியே இருக்கிறான். 80களில் அந்த நாட்டின் பெரிய கேள்வி அதுவாக இருந்தது: வெளியார் முன்னால் நாம் யார்? உங்கள் அண்ணனுக்கு அப்போது பதினான்கு பதினைந்து வயது. இசான் கிராமத்திலிருந்து வந்த பையனுக்கு, அவன் அப்பன் செய்த மாதிரி வேலையை, நாட்டுப்புறப் பேச்சு வாடையோடு, பெரிய மேடையில் ஒருவர் பாடியது எப்படி இருந்திருக்கும்! அதை யாரும் அவரிடமிருந்து பிடுங்க முடியாது, பிடுங்கவும் கூடாது.

அந்தப் பெண்ணின் கதையையும் அதே மாதிரி போட்டுப் பாருங்கள். 2014 மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவருக்குப் பதினாறு இருக்கும். 2020இல் மாணவர்கள் மூன்று விரலை உயர்த்தித் தெருவுக்கு வந்தபோது இருபத்திரண்டு. அவர் தலைமுறையின் கேள்வி 'வெளியார் முன்னால் நாம் யார்' என்பது இல்லை. 'இங்கே யார் ஆள்வது, யாரைக் கேட்டு ஆள்வது' என்பது. அந்தக் கேள்வியோடு அவர் பழைய பாடகர்களைத் திரும்பிப் பார்த்தால் என்ன தெரியும்? அந்த மரபின் மூத்தவர்கள் சிலர், அரச விசுவாசிகளான, அன்றைய பிரதமர் தாக்சினை எதிர்த்த மஞ்சள் சட்டைக்காரர்களின் மேடையில் ஏறிப் பாடினார்கள். அந்தப் போராட்டங்களுக்குப் பின்னால் 2006இல் ஒரு ராணுவப் புரட்சி வந்தது. அதே அணியின் தொடர்ச்சியாக வந்த போராட்டத்துக்குப் பின் 2014இல் இன்னொன்று. ஏட் கராபாவுக்கு 2013இல் அரசு 'தேசியக் கலைஞர்' பட்டம் கொடுத்தது. ஆக, அந்தப் பெண்ணின் கண்ணில் இவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தின் பெரியவர்கள். நீங்கள் அதை முழுதாக ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் வாய்க்கு வந்ததைப் பேசவில்லை.

அவர் தலைமுறைக்கும் பாட்டு இருக்கிறது. 2018இல் 'ராப் அகெய்ன்ஸ்ட் டிக்டேட்டர்ஷிப்' என்ற குழு ராணுவ ஆட்சியை நேருக்கு நேர் சாடி ஒரு ராப் பாட்டை வெளியிட்டது. போலீஸ் மிரட்டியது, மிரட்ட மிரட்ட அதைப் பார்த்தவர்கள் கூட்டம் பெருகியது. அந்தக் காணொளியில் பின்னணியாக வைத்திருந்தது எந்தக் காட்சி தெரியுமா? 1976 அக்டோபர் 6 அன்று, மரத்தில் தொங்கிய உடலை நாற்காலியால் அடித்த காட்சி. கேரவன்காரர்களைக் காட்டுக்கு அனுப்பிய அதே நாள். வாழ்வுக்கான பாட்டு என்ற மரபு எங்கே உயிரோடு இருக்கிறது என்று கேட்டால், நான் அந்த ராப்பைத்தான் காட்டுவேன்.

இனி அந்தச் சிவப்பு எருமைத்தலை போட்ட பானத்துக்கு வருவோம். கராபாவ் டாங் 2002இல் வந்தது. ஏட் அதன் நிறுவனர்களில் ஒருவர். பத்து பாத் விலையில் லாரி ஓட்டுநர், கட்டட வேலைக்காரர், இரவு ஷிஃப்ட் பார்ப்பவர் எல்லார் கையிலும் அந்தச் சின்ன பாட்டில் போய்ச் சேர்ந்தது. 2014இல் கம்பெனி பங்குச் சந்தையில் ஏறியது. 2017 முதல் இங்கிலாந்தின் கால்பந்து லீக் கோப்பைக்கே 'கராபாவ் கோப்பை' என்று பெயர். பாடகன் பணம் சம்பாதிக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன்; கேசட் விற்றதும் வியாபாரம்தானே. ஆனால் இந்த விஷயத்தில் நான் அந்தப் பெண்ணின் பக்கம். உழைப்பவனின் களைப்பைப் பாடிச் சேர்த்த பெயரை, அந்தக் களைப்பை மறைத்து இன்னும் இரண்டு மணி நேரம் ஓடவைக்கும் பானத்தின்மேல் ஒட்டியது எனக்கு உறுத்துகிறது. உங்கள் லைனிலேயே ராத்திரி ஷிஃப்டில் எத்தனை பாட்டில் காலியாகிறது என்று குப்பைத்தொட்டியைப் பார்த்தாலே தெரியும்.

அதற்காகப் பாட்டு கெட்டுவிட்டதா? இல்லை. 1984இல் பதிவான பாட்டு 2002இல் வந்த பானத்துக்குப் பொறுப்பாகாது. நீங்கள் தப்பான ஆட்களை ரசிக்கவில்லை. பாட்டில் இருப்பதைவிடக் கூடுதலாகக் கொஞ்சம் அவர்கள்மேல் ஏற்றி வைத்திருந்தீர்கள், அவ்வளவுதான். அதை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள், இன்னும் நன்றாகக் கேட்கும்.

சரி, என்ன செய்வது? அந்தப் பெண்ணிடம் பேசுங்கள் என்றேன். கேண்டீனில் பத்து பேர் நடுவில் வேண்டாம். அந்த நாட்டில் அரசியல் பேச்சு எந்த நிமிடமும் அரச குடும்பத்தைத் தொட்டுவிடும். தண்டனைச் சட்டத்தின் 112ஆவது பிரிவில் ஒரு குற்றச்சாட்டுக்கு 3 முதல் 15 வருடம் வரை சிறை. நீங்கள் வேலை அனுமதியில் இருப்பவர், அவர் அங்கேயே வாழ வேண்டியவர். ஆகவே அவர் வாயைக் கிளறாதீர்கள், அவர் சொன்னதை 'லைன்' செயலிக் குரூப்பிலோ ஃபேஸ்புக்கிலோ போடாதீர்கள். "அன்றைக்கு நீ சொன்னது எனக்குத் தெரியாத விஷயம். நீ கேட்கிற பாட்டு எது, எனக்கும் அனுப்பு" என்று மட்டும் கேளுங்கள். சொல்ல வேண்டியதை அவரே, அவருக்குத் தோன்றிய அளவுக்குச் சொல்வார். விருந்தில் பாடப்போகிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மேடையில் திடீரென்று பார்த்தால்தான் அது எதிரணி போலத் தெரியும்.

அண்ணனிடம் வேறு மாதிரி. கராபாவ் கேட்கிறார் என்பதால் அவர் ராணுவத்துக்கு வேண்டியவர் என்று அந்தப் பெண் முடிவு கட்டியிருக்கலாம், நீங்களும் கட்டிவிடாதீர்கள். 2010இல் பாங்காக் தெருவில் ராணுவம் சுட்டபோது, மஞ்சள் சட்டைக்கு எதிரணியாகச் சிவப்புச் சட்டை போட்டிருந்தவர்களில் பெரும்பகுதி அவர் ஊர்ப்பக்கத்து மக்கள். 90 பேருக்கு மேல் செத்தார்கள். நகரத்தில் படித்தவர்கள் அவர்களை 'சிவப்பு எருமைகள்' என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலியைக் கேட்டுக்கொண்டே எருமைத்தலைச் சின்னம் போட்ட குழுவின் பாட்டை வண்டியில் ஓடவிடும் மனிதர் எந்தப் பக்கம் என்று நமக்கு என்ன தெரியும்? வண்டியில் போகும்போது அவர் ஊரைப் பற்றிக் கேளுங்கள், 2010இல் எங்கே இருந்தார் என்று கேளுங்கள். பதில் வந்தால் வரட்டும், வராவிட்டால் பாட்டுக்குத் திரும்பிவிடுங்கள். அந்தப் பெண்ணைப் பற்றி அங்கே பேச்செடுக்காதீர்கள். இருவருக்கும் நடுவில் தூது போகும் வேலை உங்களுக்கு வேண்டாம். அவர்கள் சேர்வது அவர்கள் பாடு.

பாட்டு விஷயத்தில் அண்ணன் தேர்ந்தெடுத்தது சரியான பாட்டு. உங்கள் லைனில் இசான்காரர் அசெம்பிள் செய்து, அந்தப் பெண் சரிபார்த்து அனுப்பும் பாகம் எந்தப் பெயர் ஒட்டி வெளியே போகிறது? ஜப்பான் பெயர்தானே? 1984இல் அந்தப் பாட்டு சட்டையைப் பற்றிச் சொன்னது உங்கள் ஃபேக்டரிக்கு இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. மேடையில் பாடும் முன் இதை இரண்டு வரியில் அவர்கள் மொழியிலேயே சொல்லுங்கள், ஷாப் ஃப்ளோரில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். சரணங்களை அண்ணனுக்கு விட்டுவிடுங்கள், ஊர் வாடையோடு அவர் பாடினால்தான் நன்றாக இருக்கும். நீங்கள் பல்லவியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த மொழியில் குரல் ஏற்ற இறக்கம் தவறினால் வார்த்தையே மாறிவிடும், ஆகவே இப்போதிருந்தே வண்டியில் பழகுங்கள். விருந்துக்கான பாட்டுப் பட்டியல் உங்கள் கையில் இருந்தால், உங்களுக்கு அடுத்த இடத்தை அந்தப் பெண்ணின் குழுவுக்குக் கொடுங்கள். அவர்கள் எதை வேண்டுமானாலும் பாடட்டும்.