‘நைஸ்’ என்னும் சொல்லின் ஜாதகம்

கேள்வி: எங்கள் பாடத்தில் உள்ள ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், ரோமியோவுக்குத் தாம் எழுதிய கடிதம் போய்ச் சேரவில்லை என்று அறிந்ததும், அந்தக் கடிதம் ‘நைஸ்’ ஆனதன்று என்கிறார் பாதிரியார் லாரன்ஸ். அவ்வளவு நெருக்கடியில், ‘இனிமையான கடிதம் இல்லை’ என்று அவர் ஏன் சொல்ல வேண்டும்?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்.

பதில்: அவர் அப்படிச் சொல்லவில்லை. ‘அது ஏதோ அற்ப விஷயத்தைப் பற்றிய கடிதமன்று, தலைபோகிற செய்தியைச் சுமந்த கடிதம்’ என்பதுதான் அந்த வரியின் பொருள். ஜூலியட் இறக்கவில்லை, மருந்துண்டு மயங்கிக் கிடக்கிறாள் என்ற செய்தி அதில் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டால், பாதிரியாரின் பதற்றம் விளங்கும். ஷேக்ஸ்பியர் காலத்தில் ‘நைஸ்’ என்ற சொல்லுக்கு அற்பமான, சின்னஞ்சிறிய என்ற பொருளும் இருந்தது. ‘இனிமையான’ என்ற பொருள்தான் இல்லை. அது 18ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது.

இந்தச் சொல்லின் பிறப்பு கொஞ்சம் வேடிக்கையானது. லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். ‘நெ’ என்பது இன்மையையும், ‘ஸ்கிரெ’ என்பது அறிதலையும் குறிக்கும். இந்த ‘ஸ்கிரெ’யிலிருந்து வந்ததுதான் ‘சயன்ஸ்’ என்பதால், சயன்ஸும் நைஸும் ஒரு வேரில் கிளைத்த அறிவும் அறிவின்மையும் ஆகின்றன. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, ஏறத்தாழ 1300ஆம் ஆண்டில், இதற்கு ‘மூடத்தனமான’ என்றுதான் பொருள். 1400இல் மறைந்த ஆங்கிலக் கவிஞர் சாசரும் அந்தப் பொருளில் இதை ஆண்டிருக்கிறார்.

மூடனைக் குறித்த சொல், அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் கூச்சமுள்ளவரையும், எதற்கெடுத்தாலும் குறை காண்பவரையும், எதையும் நுணுகிப் பார்ப்பவரையும் குறிக்கலாயிற்று. இதைக் கேட்டுத் தமிழர் வியப்பதற்கில்லை. ‘மடமை’ நமக்கு வசவாகவும், அதே அடியில் பிறந்த ‘மடம்’ அச்சம், நாணம், பயிர்ப்பு ஆகியவற்றோடு சேர்ந்து பெண்ணுக்குரிய மென்மையாகவும் இருந்து வந்திருக்கின்றன. அறியாமையிலிருந்து மென்மைக்கும் கூச்சத்துக்கும் ஒரு சொல் நகர்வது எந்த மொழியிலும் தொலைதூரப் பயணமன்று.

கூச்சமும் நுணுக்கமும் கலந்த இந்தக் கட்டத்தில்தான் ‘நைஸ்’ கூர்மை பெற்றது. இழையளவு வேறுபாடு, மயிரிழையில் நிற்கும் நிலை ஆகியவற்றைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் அப்போது ஆங்கிலத்தில் இல்லை என்பது என் எண்ணம். 1815இல் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர் முடிந்த மறுநாள், அதில் வென்ற தளபதிகளில் ஒருவரான வெல்லிங்டன் பிரபு அதை ‘நைஸ்’ என்று வருணித்தார். களத்தில் பல்லாயிரவர் மாண்டும் காயமுற்றும் கிடக்கும்போது அதை இனிய அனுபவம் என்று அவர் சொல்லியிருக்க முடியாது. ‘எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கக்கூடிய, மிக நெருக்கமான போட்டி’ என்றே சொன்னார். (1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவுக்கு எதிரான படையில் இருந்த ஆர்தர் வெல்லஸ்லிதான் இவர்.) பாடத்தில் பழைய உரைநடையும் இருக்குமானால், இந்தப் பொருளை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: ‘நைஸ்’ என்பது நம் ‘நயம்’ என்ற சொல்லிலிருந்து போனதுதான் என்று ஒரு கூட்டத்தில் பேசக் கேட்டேன். ‘நயமாகப் பேசினான்’, ‘நைசாகப் பேசினான்’ இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றனவே?
– ஓய்வுபெற்ற வாசகர், மதுரை.

பதில்: ஒலி ஒத்திருக்கிறது, உறவு இல்லை. ஒரு சொல்லின் மூலத்தைத் தேடும்போது இன்றைய ஒலியையும் இன்றைய பொருளையும் வைத்துக்கொண்டு முடிவு கட்டினால் இப்படித்தான் வழுக்கிவிழ நேரும். ‘நைஸ்’ ஆங்கிலத்தில் காலெடுத்து வைத்தபோது அதன் பொருள் ‘மூடத்தனமான’ என்று மேலே பார்த்தோம். நயம் என்ற சொல்லே மூலமாக இருந்திருந்தால், இனிமையாகப் புறப்பட்டுப் போய், வழியில் மூடத்தனமாகி, நானூறு ஆண்டுக்கு மேல் அலைந்து திரிந்து, மீண்டும் பழைய இனிமைக்கே வந்து சேர்ந்தது என்று கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு எழுத்துச் சான்று இல்லை. லத்தீன் வழிக்கோ நிரம்ப உண்டு.

ஆனால் உங்கள் கேள்வியில் வேறொரு சுவையான செய்தி ஒளிந்திருக்கிறது. தமிழுக்கு வந்த ‘நைஸ்’ இங்கே வெறும் விருந்தாளியாக இருக்கவில்லை. ‘நைசாக நழுவிவிட்டான்’ என்றால் யாரும் அறியாமல் தந்திரமாக நழுவினான் என்று பொருள். ‘அவரிடம் நைசாகப் பேசிக் காரியத்தைச் சாதித்துக்கொண்டாள்’ என்றால் அதில் குழைவும் உண்டு, கள்ளமும் உண்டு. ஓர் ஆங்கிலேயரிடம் இவற்றை அப்படியே சொல்லிப் பாருங்கள், விழிப்பார். ‘நயமாக’ என்ற சொல் ஏற்கெனவே நம்மிடம் இருந்ததால்தான் இந்தப் புதுச் சொல் இவ்வளவு எளிதாகப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டதோ என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஊகந்தான், முடிவன்று.

சமையலறைக்குப் போனால் இன்னும் வியப்பு. ‘உளுந்தை நல்லா நைசா அரை’ என்று அம்மா சொல்கிறாள். இட்லிக்கு அரிசியைச் சற்றுக் கொரகொரப்பாகவும் உளுந்தை நைசாகவும் அரைக்க வேண்டும் என்பது தெரியாத வீடு இல்லை. இங்கே ‘நைஸ்’ என்றால் இனிமையா? இல்லவே இல்லை, துகள் நுணுகிய, மை போன்ற பதம். இங்கிலாந்தில் இன்று பெரும்பாலோர் மறந்துவிட்ட நுண்மைப் பொருளுக்குப் பக்கத்து வீட்டுக்காரனாக ஒரு பொருள், நம் ஆட்டுக்கல்லிலும் கிரைண்டரிலும் உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: என் மகள் கட்டுரையில் எழுதும் ‘நைஸ்’ ஒவ்வொன்றையும் அவளுடைய ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிடுகிறார். இந்தச் சொல்லைப் பயன்படுத்தவே கூடாதா?
– வாசகி, கோயம்புத்தூர்.

பதில்: ஆசிரியைக்குப் பழமையான துணை இருக்கிறது. ஜேன் ஆஸ்டின் மறைந்த பிறகு, 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபி’ நாவலில், தனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைக் கதாநாயகி இந்தச் சொல்லால் புகழ்கிறாள். ‘நேர்த்தியானது என்கிறீர்களா? அது பைண்டிங்கைப் பொறுத்ததாயிற்றே’ என்று கதாநாயகன் கிண்டல் செய்கிறான். நல்ல நாள், நல்ல நடை, நல்ல பெண்கள் என எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல் உதவுகிறதே என்று மேலும் இழுக்கிறான். ஒரு திருமணம், ஒரு தோசை, ஒரு மனிதர் மூன்றையும் ஒரே சொல்லால் வருணித்தால், மூன்றைப் பற்றியும் எதுவும் சொன்னதாகாது. ஆகையால் கட்டுரையில் குறைத்துக்கொள்வது நல்லதே. அடித்ததோடு நிறுத்தாமல், ‘எவ்வகையில் நன்றாக இருந்தது?’ என்று ஆசிரியை ஓரத்தில் எழுதினால் குழந்தைக்கு இன்னும் பயன்படும்.

பேச்சில் மட்டும் இதை விலக்க முடியாது, விலக்கவும் வேண்டாம். நம்மவர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘நைஸ் டு மீட் யூ’ என்பது முதன்முறையாக அறிமுகமாகும்போது சொல்வது. ஏற்கெனவே பழகியவரிடம் ‘நைஸ் டு சீ யூ’ என்றே சொல்ல வேண்டும். இல்லையென்றால், உங்களை நான் மறந்துவிட்டேன் என்று பொருள்பட்டுவிடும். புதிதாக அறிமுகமானவரிடம் விடைபெறும்போது ‘நைஸ் மீட்டிங் யூ’. ஒருவர் செய்த உதவியைப் பாராட்டும்போது ‘நைஸ் ஆஃப் யூ’ என்பதே சரி. அங்கே ‘ஃப்ரம்’ வராது. ‘நைஸ் அண்ட் வார்ம்’ என்றால் இனிமையும் கதகதப்பும் என்று இரண்டாகப் பிரிக்கக் கூடாது. நல்ல கதகதப்பு என்பதுதான் பொருள். ‘எ நைஸ் மெஸ்’ என்றால் எரிச்சலோடு ‘நன்றாய்த்தான் இருக்கிறது போ’ என்பது போல. வழக்கறிஞர் ஒருவர் ‘எ நைஸ் பாயின்ட் ஆஃப் லா’ என்றால் அவர் சட்டத்தைப் புகழவில்லை, நுட்பமான சிக்கல் ஒன்றைச் சுட்டுகிறார்.

கேள்வி: பிரான்சில் இதே எழுத்துகள் கொண்ட ஒரு நகரம் இருக்கிறதே, அதற்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பு உண்டா?
– மாணவர், திருநெல்வேலி.

பதில்: இல்லை. மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள அந்த நகரத்தை ‘நீஸ்’ என்று சொல்ல வேண்டும். கிரேக்கர் வைத்த ‘நிகாயா’ என்ற பெயர் தேய்ந்து அப்படி ஆனது. கிரேக்கத்தில் ‘நிகே’ என்றால் வெற்றி. சர்க்கரை தூவிய ஒருவகை பிஸ்கட்டின் மேலும் அதே எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். அதை ‘நைஸ்’ என்பதா ‘நீஸ்’ என்பதா என்று இங்கிலாந்திலேயே இரண்டு கட்சி உண்டு. உங்கள் தெருமுனைக் கடையில் ‘நீஸ்’ என்று கேட்டால் கிடைக்காது.