வென்டிலேட்டரும் ஐந்தாம் கட்டளையும்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 76 வயது. நுரையீரல் புற்றுநோய், கல்லீரலுக்கும் எலும்புக்கும் பரவிவிட்டது. கீமோ இனிப் பயன் தராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டில்தான் இருக்கிறார். தெளிவாகப் பேசுகிறார், கஞ்சி குடிக்கிறார், இரவில் வலியால் தூங்குவதில்லை. மூச்சு முட்டினால் வென்டிலேட்டர் வைக்கலாமா என்பதை இப்போதே முடிவு செய்யச் சொல்கிறார்கள். வேண்டாம் என்றால் அது கொலை என்கிறார் அண்ணன். அப்பா இனியும் கஷ்டப்பட வேண்டாம் என்கிறாள் தங்கை. வலி மருந்தான மார்பின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாரோ என்று பயந்து, வாங்கிய மாத்திரையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறோம். கத்தோலிக்கக் குடும்பம் நாங்கள். திருச்சபை என்ன சொல்கிறது?

ஆர்., தூத்துக்குடி

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்த மாத்திரை. இன்றே மருத்துவரிடம் பேசித் தொடங்கிவிடுங்கள். வலி வந்த பிறகு கொடுப்பது மார்பின் கொடுக்கும் முறையல்ல. மெதுவாகக் கரையும் வகையல்லாத சாதாரண மாத்திரை என்றால் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி, வலி அடங்கும்வரை மருத்துவர் படிப்படியாகக் கூட்டுவார். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் அளவு குறையும், அதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். குமட்டலும் தூக்கக் கலக்கமும் முதல் சில நாட்கள் இருக்கும், பிறகு தணியும். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, வயிறு உப்பி நோயாளி தவித்ததும் 'மார்பின் ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்திவிடும் வீடுகள் பல. இப்படி அளவு பார்த்துக் கொடுக்கும் மார்பின் உயிரைப் பறிப்பதில்லை. மூச்சுத் திணறலையும் அது தணிக்கும். வலியைப் போக்குவதே நோக்கமாக இருந்து, அதனால் ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்றாலும் மருந்து கொடுக்கலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-லேயே சொல்லிவிட்டார்.

அதே ஆண்டு நவம்பரில் மயக்க மருந்து வல்லுநர்களிடம் பேசியபோது, செயற்கைச் சுவாசக் கருவியைப் பற்றிய கேள்விக்கும் அவர் பதில் சொன்னார். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள்வது கடமை, அளவுக்கு மீறிய சுமையாகும் வழிகளுக்கு யாரும் கட்டுப்பட்டவர் அல்ல. இந்தச் சிந்தனை 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமாங்கா பல்கலைக்கழக இறையியலாளர்களிடமே இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2278-ஆம் எண்ணில், எதிர்பார்க்கும் பலனுக்குப் பொருந்தாத, சுமையான சிகிச்சையை நிறுத்துவது முறையே என்கிறது.

அண்ணனுக்கு இதை இப்படி விளக்குங்கள். கட்டுவிரியன் கடித்து மூச்சுத் தசை செயலிழந்த ஒருவருக்கு வென்டிலேட்டர் வைப்பது கடமை. சில நாட்களில் தசை மீண்டுவிடும், அவர் வீட்டுக்கு நடந்து போவார். உங்கள் அப்பாவுக்கு அதே கருவி எதையும் மீட்டுத் தராது. தொண்டையில் குழாய், பேச முடியாத நிலை, கையைக் கட்டிவைப்பது, பிள்ளைகள் வெளியே. இங்கே எடை போடப்படுவது சிகிச்சைதான், அப்பாவின் உயிரல்ல. அவரது உயிர் கடவுளின் சாயல். நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை வைத்து அதற்கு மதிப்பு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. தங்கையும் இதைக் கவனிக்க வேண்டும். 'இந்தச் சிகிச்சை பாரம்' என்று சொல்லலாம். 'இந்த வாழ்க்கை பாரம், முடித்துவிடலாம்' என்ற இடத்துக்கு அந்தப் பேச்சு நகர்ந்தால் அது 'கொலை செய்யாதே' என்ற ஐந்தாம் கட்டளையை மீறுவது. சாவை வரவழைக்க ஊசி போடுவதை இந்தியச் சட்டமும் அனுமதிக்காது.

உங்கள் கடிதத்தில் அண்ணன் கருத்து இருக்கிறது, தங்கை கருத்து இருக்கிறது. அப்பா என்ன சொன்னார் என்பது இல்லை. தெளிவாகப் பேசுகிறவர் அவர். வென்டிலேட்டர் வேண்டுமா என்று சொல்லும் உரிமை அவருடையது. மருத்துவரை வைத்துக்கொண்டு அவரிடமே கேளுங்கள். சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். 2018 மார்ச் 9 தீர்ப்பில் இத்தகைய முன்கூட்டிய மருத்துவ ஆவணத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று, தன்னால் சொல்ல முடியாதபோது தனக்காகப் பேச வேண்டியவரின் பெயர், இவ்வளவுதான். ஒன்றுக்கு மேற்பட்டவரையும் குறிப்பிடலாம், அண்ணனையும் சேருங்கள். நகல் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நள்ளிரவில் மூச்சு முட்டி, பதறி 108-ஐ அழைத்து, அவசரப் பிரிவில் குழாய் போட்ட பிறகு நினைவிழந்தவர் விஷயத்தில் முடிவு சிக்கலாகும். ஆவணம் இருந்தாலும் மருத்துவமனையின் முதல் மருத்துவர் குழு, அதன் பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாம் குழு, கருவியை நிறுத்த இரண்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சுமார் 48 மணி நேரம்.

வென்டிலேட்டர் வேண்டாம் என்பதற்குக் கவனிப்பு வேண்டாம் என்று பொருளில்லை. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, ஈரப் பஞ்சால் வாயைத் துடைப்பது, முகத்துக்கு நேரே மின்விசிறி, விழுங்க முடியும்வரை கஞ்சியும் தண்ணீரும், இவற்றை யாரும் நிறுத்தக் கூடாது. கடைசி நாட்களில் அவரே உணவை ஒதுக்கினால் வற்புறுத்தாதீர்கள். உடல் ஏற்காத நேரத்தில் ஏற்றும் டிரிப்ஸ் கை காலை வீங்கவைக்கும், நுரையீரலில் நீர் சேர்க்கும்.

பங்குத்தந்தையை இந்த வாரமே அழையுங்கள். சாமியார் வந்தால் அப்பா பயந்துவிடுவார் என்று நினைவு தப்பும்வரை காத்திருப்பவர்கள் அதிகம். நோயாளிக்கு எண்ணெய் பூசி வேண்டும் நோயில் பூசுதல் சாகும் நிமிடத்துக்கான சடங்கு அல்ல, நோய் கூடினால் மறுபடியும் பெறலாம். பாவசங்கீர்த்தனம் செய்ய அவருக்குப் பேச்சு வேண்டும், நற்கருணை வாங்க விழுங்கும் திறன் வேண்டும். இரண்டும் இப்போது அவரிடம் இருக்கின்றன.